பூனையோடு பேசிய குரல்



நம் ஆண்டவர் இயேசு நாசரேத்தூரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளைக் குறித்து நற்செய்தியாளர்கள் எழுதி வைத்தது மிகக் கொஞ்சம். தச்சுப் பட்டறை, நீர் மொண்டு வரும் தாய், மாலை விளக்கு, எளிய உணவு என்று உலக மீட்பரின் வாழ்வில் பெரும்பகுதி யாரும் குறித்து வைக்காத நாள்களாகவே கழிந்தது. இதை எண்ணும்போது, நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவற்றை அற்பம் என்று ஒதுக்க நமக்கு மனம் வராது. இவ்வாரம் அப்படியொரு சிறு நிகழ்வை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன். வீட்டில் வளர்ந்த பூனை ஒன்று இறந்து போகிறது. அவ்வளவுதான் நிகழ்வு.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒழுங்கைகளில் ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அங்கே தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் ஒரு குடும்பம். இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையன்று. பல வீடுகளின் கதை. உங்கள் வீட்டின் கதையாகவும் இருக்கலாம்.

மழைநாள் ஒன்றில் மாடிப்படியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை இளைய மகள் தூக்கி வருகிறாள். "இரண்டு நாளைக்கு மட்டும்" என்று தாய் அனுமதிக்கிறார். அந்த இரண்டு நாள் ஏழு ஆண்டுகளாக நீள்கிறது. குட்டி வளர்ந்து "பூசார்" என்ற மரியாதைப் பெயரும் பெற்றுவிடுகிறது. காலையில் மீன்காரரின் குரல் கேட்டதும் கதவடியில் போய் நிற்கும். சூடை மீனின் தலைகள் அதற்கென்றே ஒதுக்கப்படும். அப்பம்மா செபமாலை சொல்லும்போது தொங்கும் சிலுவையைத் தட்டி விளையாடும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் விரித்து வைத்த தாள்களின் மேலேதான் அதற்குத் தூக்கம் வரும். கனடாவில் இருக்கும் பெரியப்பா தொலைபேசியில் முகம் காட்டிப் பேசும்போது முதலில் கேட்பது, "பூசாரைக் காட்டுங்கோ" என்பதுதான்.

இந்த வீட்டில் ஒரு வருத்தமும் உண்டு. எந்தப் பாடத்துறையைத் தெரிவு செய்வது என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் பிணக்கு ஏற்பட்டு மாதங்கள் பலவாகின்றன. தந்தை புறக்கோட்டைக் கடையிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வருகிறார். மகனின் அறைக் கதவு சாத்தியிருக்கும். கதவைத் தட்டிப் பேச அவருக்குத் தன்மானம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே காலடியில் வந்து உரசும் பூனையைப் பார்த்துச் சற்று உரக்கக் கேட்கிறார்: "பூசாரே, உங்கட அண்ணா சாப்பிட்டாரோ?" உள்ளிருந்து மறுமொழி வருகிறது: "பூசாரே, சாப்பிட்டாச்சு எண்டு அப்பாட்ட சொல்லுங்கோ." இப்படியாக, வாயில்லாச் சீவன் ஒன்று அந்த வீட்டில் தூது போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பூனையைக் காணவில்லை. மாடிப்படிகளிலும் வாகனத் தரிப்பிடத்திலும் தேடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை அப்பம்மாவும் இளைய மகளும் பஸ் ஏறிக் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். காணாமற்போனவற்றைக் கண்டடைய நம் மக்கள் நாடும் புனிதர் அவரன்றோ? மூன்றாம் நாள் காவலாளி வந்து சொல்கிறார். வீதியோரத்தில் வாகனம் ஒன்றில் அடிபட்டுக் கிடந்திருக்கிறது.

தொடர்மாடி வீட்டுக்குச் சொந்தமாக மண் இல்லை. குப்பையோடு சேர்த்துப் போட எவருக்கும் மனம் ஒப்பவில்லை. கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்தின் பெருமாடம் தெரியும் ஒழுங்கை ஒன்றில், மாமா வீட்டின் பின்புறத்தே முருங்கை மரத்தடியில் கையளவு நிலம் உண்டு. சப்பாத்துப் பெட்டியில் வைத்து முச்சக்கர வண்டியில் கொண்டு போகிறார்கள். கடையை விட்டு ஒருபொழுதும் அசையாத தந்தையும் வருகிறார். மகன் குழி தோண்டுகிறான். தந்தை பெட்டியைக் கையில் ஏந்தி நிற்கிறார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் தோண்டி முடித்த மகனின் நெற்றியைத் தந்தை தம் கைக்குட்டையால் துடைத்துவிடுகிறார்.

இந்தத் துயரத்தைக் காண்போரில் சிலர், "பூனைதானே, இதற்கு இவ்வளவு அழுகையா?" என்பார்கள். அந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. 1983 யூலையில் வீடுகள் எரிந்ததைக் கண்ட நகரம் இது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, அதே கொச்சிக்கடைத் திருத்தலத்தில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் குண்டுவெடிப்பில் மடிந்தார்கள். நாடெங்கும் அன்று உயிரிழந்தோர் 250 பேருக்கும் அதிகம். இத்தனை மனித உயிர்களை இழந்த மக்கள் ஒரு பூனைக்காகக் கண்ணீர் விடுவது முறையா?

அப்பம்மாவைக் கேட்டுப் பாருங்கள். 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடு இரவாக நாவற்குழிப் பாலம் வழியே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாட்டை அவிழ்த்து விட்டு, நாயையும் பூனையையும் முற்றத்தில் விட்டு, திரும்பிப் பாராமல் நடந்தவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டிய அந்நேரத்தில் அவற்றுக்காக அழ எவருக்கும் ஓய்வு இருக்கவில்லை. பின்னரும் அதைப் பற்றிப் பேசினால் பிறர் நகைப்பார்களோ என்று பேசாமல் விட்டார்கள். இன்று முருங்கை மரத்தடியில் அப்பம்மா விம்மும்போது, அந்தக் கண்ணீரில் ஒரு பங்கு அன்று முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சீவனுக்கும் உரியது. சிறிய துயரத்துக்கு இடம் கொடுக்கும் வீட்டில்தான் பெரிய துயரமும் வாய் திறக்கிறது. மனிதரை இழந்த துக்கத்தைப் பூனைக்கான துக்கம் குறைத்துவிடுவதில்லை. இரண்டும் ஒரே உள்ளத்திலிருந்தே ஊறுகின்றன.

திருவிவிலியமும் இத்தகைய அன்பை நகைப்பதில்லை. தாவீது அரசரின் பாவத்தை உணர்த்த வந்த நாத்தான் இறைவாக்கினர், ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய உவமையைத்தான் தெரிந்தெடுத்தார். அது அவனுடைய உணவில் உண்டு, அவனுடைய கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் மகளைப் போல் துயின்றதாம். அந்த ஏழையின் இழப்பைக் கேட்டு அரசர் சினந்தெழுந்தார். அதன் பின்னரே தம் குற்றத்தைக் கண்டார். தோபியா நெடும் பயணம் புறப்பட்டபோது வானதூதரோடு வீட்டு நாயும் கூடப்போனதைத் தோபித்து நூல் மறவாமல் குறிப்பிடுகிறது. நினிவே நகரை அழிக்க மனமில்லாத இறைவன், யோனாவிடம் அந்நகரின் மக்களோடு கால்நடைகளையும் சேர்த்தே கணக்குச் சொல்கிறார். அற்பக் காசுக்கு விலைபோகும் குருவிகளுள் ஒன்றையேனும் கடவுள் மறப்பதில்லை என்று நம் ஆண்டவரே மொழிந்திருக்கிறார்.

பூனை திருவிவிலியத்தில் உண்டா என்று சிறுவர் கேட்பதுண்டு. உண்டு. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரமாக அமைந்துள்ள எரேமியாவின் மடலில், பாபிலோனின் சிலைகள்மேல் அச்சமின்றி ஏறி உட்காரும் உயிர்களின் வரிசையில் பூனையும் வருகிறது. பூனைகளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். எதன்மேலும் ஏறி உட்காரும் அதன் இயல்பு அன்றும் இதுவே.

சிறுவர் கேட்கும் இன்னொரு கேள்வி சற்றுக் கடினமானது: "பூசார் மோட்சத்துக்குப் போகுமா?" இதற்கு அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டாம். மனிதரைப் போல அழியா ஆன்மா விலங்குகளுக்கு உண்டென்று திருச்சபை கற்பிக்கவில்லை. ஆயினும் படைப்பு முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்படும் என்ற நம்பிக்கையைத் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் தெரிவிக்கிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு படைப்பைப் பேணுவது பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளியோடு உருமாறித் தனக்குரிய இடத்தைப் பெறும் என்ற எதிர்நோக்கைப் பதிவு செய்தார். ஆகவே உங்கள் பிள்ளையிடம் இவ்வளவு சொல்லுங்கள்: "பூசாரைப் படைத்தவர் இயேசப்பாதான். தாம் படைத்ததை அவர் மறக்கமாட்டார்." குழந்தைக்கு இது போதும். நமக்கும் இது போதும்.

அன்புக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு மனிதர் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2416ஆம் எண்ணில் கூறுகிறது. 2418ஆம் எண்ணிலோ, மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றின்மீது திருப்பிவிடலாகாது என்று எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். பூனைக்குக் கொடுத்த அன்பைக் குறைக்கும்படி அது நம்மைக் கேட்கவில்லை. மனிதருக்கு நாம் கொடுக்காமல் வைத்திருக்கும் அன்பு எவ்வளவு என்றுதான் கேட்கிறது.

இங்கேதான் அந்த வெள்ளவத்தை வீட்டுக்கு நாம் திரும்ப வேண்டியிருக்கிறது. பூனையிடம் பேசும்போது அவ்வீட்டில் எல்லாருடைய குரலும் தாழ்ந்து இனித்தது. களைத்து வந்த தந்தை அதனிடம் எரிந்து விழவில்லை. மாமியாரோடு அளவாகப் பேசும் தாய் அதனோடு அளவின்றிப் பேசினார். அண்ணனும் தங்கையும் சண்டையிட்ட நாளிலும் அதற்குப் பால் வைக்க ஒருவரையொருவர் நினைவூட்டினார்கள். மென்மையாகப் பேசத் தெரியாதவர்கள் எவரும் அந்த வீட்டில் இல்லை. தெரிந்த மென்மையை ஒருவருக்கொருவர் கொடுக்க வெட்கப்பட்டார்கள். பூனை போன பிறகு வீட்டில் வந்து தங்கிய அமைதியைக் கவனியுங்கள். அது பூனை விட்டுச்சென்ற அமைதியா? முன்பே அங்கே இருந்ததல்லவா? பூனை அதை இவ்வளவு காலம் மூடி மறைத்திருந்தது.

உரோமை நகரின் திருத்தூதர் என்று போற்றப்படும் புனித பிலிப்பு நேரி ஒரு பூனை வளர்த்தார். 1583ஆம் ஆண்டு அவர் தாம் நெடுங்காலம் வாழ்ந்த புனித ஜெரோம் இல்லத்தை விட்டு வேறு இல்லத்துக்கு மாறியபோது பூனை பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அதற்கு உணவிட அவர் தம் சீடர்களை அனுப்புவாராம். திரும்பி வந்தவரிடம், பெரிய மனிதர்கள் சூழ இருக்கும்போதும், பூனை எப்படி இருக்கிறது, நன்றாகச் சாப்பிட்டதா என்று விசாரிப்பாராம். சீடர்களின் தற்பெருமையைக் கரைக்க அவர் கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று என அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அந்தப் புனிதரின் வழியைத் தழுவிய கோவா குருக்கள் சபையிலிருந்துதான் 1687இல் நம் நாட்டுக்கு வந்தார் புனித யோசப் வாஸ். 2015 சனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். பூனை சாப்பிட்டதா என்று கேட்ட அந்த எளிய நெஞ்சத்தின் ஆன்மிக வழித்தோன்றல்தான் நம் விசுவாசத்தைக் காத்தவர்.

"சாப்பிட்டாயா?" என்ற கேள்வி சிறியதன்று. தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளை உயிர்பெற்றெழச் செய்த ஆண்டவர், அவ்வளவு பெரும் புதுமைக்குப் பின் உடனே சொன்னது, சிறுமிக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. உயிர்த்த பின்னும் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடர்களுக்காகக் காத்திருந்தார். உயிர்ப்பின் மகிமை காலை உணவாக இறங்கி வந்தது.

எனவே அன்பானவர்களே, உங்கள் வீட்டில் இப்படியொரு சிறு சாவு நேர்ந்தால், பிள்ளையிடம் "எங்கேயோ ஓடிவிட்டது" என்று பொய் சொல்லாதீர்கள். மறுநாளே வேறொரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்து அழுகையை அடக்கவும் முயலாதீர்கள். அன்பு செய்த ஒன்று ஈடில்லாதது என்பதைப் பிள்ளை கற்கும் முதல் பாடம் அது. அன்றைய குடும்ப செபத்தில் அந்தச் சீவனுக்காக இறைவனுக்கு நன்றி சொல்லப் பிள்ளையையே அழையுங்கள். முதியவர்களிடம், அவர்கள் விட்டுவந்த வீட்டில் என்னென்ன வளர்ந்தன என்று கேளுங்கள். பெயர்களை அவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள்.

அன்றிரவு அந்தத் தந்தை ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புகிறார். காலடியில் வந்து உரச எதுவும் இல்லை. மகனின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. தூது சொல்ல இனி யாரும் இல்லை. அவர் கதவைத் தட்டி, பூனையிடம் கேட்ட அதே குரலில் மகனிடமே கேட்கட்டும். உங்கள் வீட்டிலும் அப்படியொரு சாத்திய கதவு இருந்தால், இன்றிரவே போய்த் தட்டுங்கள்.