ஓடும் தாளில் ஒன்றுகூடும் நான்கு வண்ணங்கள்

நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரே படமாகத் தோன்றும் வண்ண ஒளிப்படம், அச்சகத்தில் தனித்தனியே பதியும் நான்கு படங்களால் ஆனது. பச்சைச் சாயலுள்ள நீலமாகிய சயான், ஊதாச் சாயலுள்ள சிவப்பாகிய மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் நான்கு வெவ்வேறு தகடுகளிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே தாளின்மீது நுண்புள்ளிகளாக விழுகின்றன. அப்புள்ளிகள் உரிய இடத்தில் விழுந்தால்தான் கண் அவற்றைக் கலந்து ஒரு முகமாகவோ ஒரு வயலாகவோ காண்கிறது. நான்கு வண்ணங்களும் பிசகாமல் பொருந்தி அமைவதையே அச்சகத்தார் ரெஜிஸ்டர் என்கின்றனர். அது தவறும்போது உதட்டுக்கு வெளியே சிவப்புக் கோடொன்று தெரியும். எழுத்தின் ஓரத்தில் நிழல் படியும். படம் முழுவதுமே கலங்கித் தோன்றும்.

எவ்வளவு சிறிய பிசகு கண்ணுக்குத் தெரியும் என்பதைப் புள்ளிகளின் அளவிலிருந்தே அறியலாம். நாளிதழ்ப் படங்களில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 புள்ளி வரிசைகள் அமைவதால், அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே கால் மில்லிமீட்டர் இடமே இருக்கிறது; வழவழப்பான தாளில் அச்சாகும் வார இதழ்களில் 150 வரிசைகள் அமையுமானால் அந்த இடைவெளி 0.17 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. ஆகவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது இத்தொழிலில் பெரிய அளவு. சுருளிலிருந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாயும் தாள் அந்தத் தூரத்தைக் கடக்க, ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரமே எடுத்துக்கொள்கிறது. புள்ளி வரிசைகளை வண்ணத்துக்கொரு கோணமாக, பெரும்பாலும் சயானுக்கு 15 பாகை, கறுப்புக்கு 45, மெஜந்தாவுக்கு 75, மஞ்சளுக்கு 0 எனத் திருப்பி வைக்கும் வழக்கம், வரிசைகள் ஒன்றோடொன்று மோதி அலைக்கோலம் உண்டாக்காமல் தடுப்பதோடு, சிறு நகர்வினால் நிறத்தின் தொனி மாறிவிடாமலும் காக்கிறது. ஆனால் உருவங்களின் கூர்மையான விளிம்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

பல தகடுகளை அடுத்தடுத்துப் பதித்து வண்ணப் படம் பெறும் முறைக்கு 1719இல் இங்கிலாந்தில் யாக்கோப் கிறிஸ்தோஃப் லெ புளோன் காப்புரிமை பெற்றார். அவருடைய காலத்தில் தாள் தனித்தனி ஏடாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைக் கையால் பொருத்தி வைக்க நேரமும் இருந்தது. 1863இல் அமெரிக்காவின் வில்லியம் புல்லக், அறுபடாத சுருள்தாளில் அச்சிடும் சுழல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இந்த இரண்டு வழிகளும் பின்னர் ஒன்றுசேர்ந்தபோதுதான் இன்றைய சிக்கல் பிறந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் தாளை நிறுத்தி வைத்துப் பொருத்த முடியாது. ஓட்டத்திலேயே பொருத்தியாக வேண்டும்.

இன்றைய நாளிதழ் ஆஃப்செட் எந்திரங்களில் நான்கு அச்சு அலகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோபுர அமைப்பு பெருவழக்காக உள்ளது. ஒவ்வோர் அலகிலும், தகட்டிலிருந்து மைப்படத்தை முதலில் வாங்கிப் பிறகு தாளுக்குத் தரும் ரப்பர் போர்த்திய உருளைகள் இரண்டு எதிரெதிரே நிற்க, அவற்றின் இடுக்கில் தாள் கீழிருந்து மேலேறி, இரு பக்கமும் ஒருசேர அச்சாகிறது. ஒரு வண்ணம் முன்னோ பின்னோ தள்ளி விழுந்தால் அந்தத் தகட்டு உருளையின் சுழற்சியைச் சற்று முற்படுத்தவோ பிற்படுத்தவோ வேண்டும். இடமோ வலமோ தள்ளி விழுந்தால் உருளையை அதன் அச்சின் நீளத்திலேயே நகர்த்த வேண்டும். படம் சாய்ந்து விழுந்தால் உருளையின் ஒரு முனையை மட்டும் சிறிது விலக்க வேண்டும். இம்மூன்றையும் செய்யும் சிறு மோட்டார்கள் அலகுக்குள்ளேயே இருக்கின்றன. முன்பெல்லாம் எந்திரம் முழுவதையும் ஒரே நீண்ட இரும்புத் தண்டு இயக்கியது. அதன் பற்சக்கரங்களில் தேய்மானம் ஏறினால் உருளைகளின் ஒத்தியக்கமும் தளர்ந்துவிடும். 1990களில் பரவிய தண்டில்லா முறையில் ஒவ்வோர் அலகுக்கும், சில எந்திரங்களில் ஒவ்வோர் உருளைக்குமே, தனி மோட்டார் வந்தது. சுழற்சியின் கோணத்தை நுட்பமாக அளந்து சொல்லும் என்கோடர் கருவியின் துணையால், கணினி வகுத்துக்கொள்ளும் ஒரு கற்பனைத் தண்டை அவை அனைத்தும் பின்பற்றுகின்றன.

உருளைகளை இவ்வளவு துல்லியமாக இயக்கிய பிறகும் வண்ணம் விலகுகிறது என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் தாள்தான். இழுத்தால் நீளும், நனைந்தால் உப்பும் இயல்புடைய பொருள் அது. ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலே, இரண்டு அலகுகளுக்கு இடையிலுள்ள ஒரு மீட்டர் தாள் ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீட்சி மாறாமல் இருக்குமானால் தீங்கில்லை. ஒருமுறை உருளையைத் திருத்தி வைத்தால் போதும். அது கணத்துக்குக் கணம் மாறுவதுதான் தொல்லை. சுருள் சற்று நீள்வட்டமாக அமுங்கியிருப்பதும், அதன் ஓரம் நடுப்பகுதியைவிட ஈரம் குறைந்திருப்பதும், எந்திரம் வேகமெடுப்பதும் இழுவிசையை மாற்றிவிடுகின்றன. எனவே சுருளுக்கும் முதல் அலகுக்கும் இடையே, காற்றழுத்தத்தால் தாங்கப்பட்டு அசையக்கூடிய டான்சர் உருளையொன்றின்மேல் தாள் வளைந்து செல்லுமாறு அமைக்கின்றனர். தாள் தளர்ந்தால் அது ஒருபுறமும் இறுகினால் மறுபுறமும் நகர, அந்த நகர்வைக் கொண்டு சுருளின் பிரேக் சீர்செய்யப்படுகிறது. மிகக் கடினமான கட்டம், எந்திரம் ஓடும்போதே பழைய சுருளின் வாலில் புதிய சுருளின் தலையைப் பசையால் ஒட்டும் வேளை. தடித்த ஒட்டும், வேறு ஈரப்பதமுள்ள புதுத் தாளும் அலகுகளைக் கடக்கும்போது நன்றாக இருந்த ரெஜிஸ்டர் ஒரு நொடியில் கலைந்து, மீண்டும் கூடுவதற்குள் சில நூறு படிகள் கழிவாகிவிடுவதுண்டு.

விலகலைக் கண்டறியும் பணி ஒருகாலத்தில் பூதக்கண்ணாடியைக் கையில் வைத்திருந்த எந்திரக்காரருடையது. நாளிதழ்ப் பக்கத்தின் அடியோரத்தில் வரிசையாக நிற்கும் நான்கு வண்ணப் பொட்டுகளைப் பலரும் பார்த்திருப்பர். நான்கு மைகளும் தத்தம் இடத்தில் விழுகின்றனவா என்பதை அவை ஒரு பார்வையில் காட்டிவிடும். தானியங்கி முறைகளில் எளிமையால் கவர்வது முக்கோணக் குறி. ஒவ்வொரு வண்ணமும் தாளின் ஓரத்தில் ஒரு சிறு முக்கோணத்தை அச்சிடுகிறது. அதன் முன்விளிம்பு தாள் ஓடும் திசைக்குச் செங்குத்தாகவும், பின்விளிம்பு சாய்வாகவும் இருக்கும். ஒளியுணர்வி இரண்டு வண்ணங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் நீளவாக்கு விலகல் தெரிகிறது. ஒரே முக்கோணத்தின் இரு விளிம்புகளுக்கும் இடையிலான தூரம் கூடினாலோ குறைந்தாலோ அந்த வண்ணம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரே கண், ஒரே குறி, இரண்டு விடைகள். இன்றைய ஆஃப்செட் எந்திரங்களில் மில்லிமீட்டருக்கும் குறைவான பொட்டுகளை, நுண்நொடி அளவே மின்னும் விளக்கொளியில் கேமரா படமெடுத்துக் கணக்கிடுகிறது. குறியே இல்லாமல், அச்சான படத்தைத் தகட்டுக்கான கணினிக் கோப்புடன் ஒப்பிட்டு விலகலைக் காணும் கருவிகளும் உண்டு.

பிஸ்கட் உறை போன்றவற்றை நெகிழித் தாளில் அச்சிடும் கிராவியூர் எந்திரங்களில் இன்னொரு நுட்பம் வேண்டியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு வண்ணமும் காய்ந்த பிறகே தாள் அடுத்த அலகுக்குப் போவதால், அலகுகளுக்கு இடையே பல மீட்டர் தாள் தொங்குகிறது. இரண்டாம் உருளையைத் திருத்தினால் அதன் பின்னுள்ள இழுவிசை மாறி, சரியாக இருந்த மூன்றாவதும் நான்காவதும் விலகத் தொடங்கும். ஆகையால் கட்டுப்பாட்டுக் கருவி ஓர் அலகைத் திருத்தும்போதே பின்வரும் அலகுகளையும் முன்கூட்டியே ஈடுசெய்து நகர்த்துகிறது.

மோட்டாரால் தீராத பிசகு ஒன்றும் இருக்கிறது. ஆஃப்செட் முறையில் தகட்டின் அச்சாகாத பகுதி மையை ஏற்காதிருக்க அதன்மேல் நீர் பூசப்படுகிறது. அந்நீரில் ஒரு பகுதி தாளுக்கும் வந்து சேருகிறது. தாளின் இழைகள் பெரும்பாலும் சுருள் ஓடும் திசையிலேயே படுத்திருப்பதாலும், நனைந்த இழை நீள்வதைவிட மிகுதியாகப் பருப்பதாலும், தாள் அகலவாக்கில் விசிறிபோல் விரிகிறது. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள நாளிதழ்த் தாள் முதல் அலகிலிருந்து கடைசி அலகுக்கு வருவதற்குள் ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்துவிடக்கூடும். நடுவில் வண்ணங்கள் பொருந்தியிருக்க, இரு ஓரங்களிலும் முதல் வண்ணம் வெளிப்பக்கமாக விலகி நிற்கும். உருளையை இடமாக நகர்த்தினால் இடப்பக்கம் சரியாகி வலப்பக்கம் இன்னும் மோசமாகும். இதற்கென அடுத்த அலகுக்குள் நுழையுமுன் சிறு சக்கரங்களாலோ காற்றுத் தாரைகளாலோ தாளை ஆங்காங்கே மெல்ல அழுத்தி அலையலையாக்கி, அதன் அகலத்தைக் குறுக்குகின்றனர். தகடு தயாரிக்கும்போதே ஒவ்வொரு வண்ணத்துக்கும் பக்கங்களின் இடத்தை வெவ்வேறு அளவில் தள்ளி வைப்பதும் உண்டு. இவை பிசகைக் குறைக்கின்றனவேயன்றி முற்றாக நீக்குவதில்லை.

எனவே பொறுப்பின் ஒரு பகுதி பக்கத்தை வடிவமைப்பவரிடமும் வந்து சேருகிறது. அடர்ந்த நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றை மற்றொன்றின்மேல் மயிரிழை அளவு ஏற்றி வைக்கும் டிராப்பிங் முறையால், சிறு விலகலில் வெள்ளைக் கோடு வெளிப்படாமல் மறைக்கலாம். ஆனால் நான்கு மைகளும் கலந்த கரும்பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்துகளை இடுவதை இந்த உத்தி காப்பாற்றுவதில்லை; சுழிகளும் வளைவுகளும் நிறைந்த தமிழ் எழுத்தில் ஒரு வண்ணம் விலகினாலே சுழியின் வெள்ளைக் கோடு அடைபட்டுப்போகிறது. நாளிதழுக்குச் செய்யும் விளம்பரங்களில் அத்தகைய வாசகங்களைக் கறுப்பு மை ஒன்றை மட்டுமே பின்னணியாகக் கொண்டு அமைப்பதும், படிக்க வேண்டிய பொடி எழுத்தைக் கறுப்பிலேயே அச்சிடுவதும் கட்டாய விதியாகவே கொள்ளத்தக்கவை.