குடிகள் அழைத்த கோமகன்

குரோம்பேட்டையை அடுத்த பல்லாவரத்துக் குடைவரைக் கோயிலில் மகேந்திரவர்ம பல்லவனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. அவன் வழிவந்த இரண்டாம் பரமேசுவரவர்மன் ஏறத்தாழக் கி.பி. 731இல் மாண்டான். அரியணைக்கு உரியவர் இலராயினர். நாடு மீகாமன் இல்லா மரக்கலம் போலாயிற்று.

காஞ்சியின் அமைச்சரும் கடிகையாரும் நகர மாந்தரும், பல்லவரின் கிளைக்குடியைச் சார்ந்த இரணியவர்மனை அணுகி, மன்னன் ஒருவனைத் தருமாறு வேண்டினர். அவன் மைந்தருள் மூவர் மறுத்தனர். 12 வயதினனாகிய பல்லவமல்லன் தான் செல்வதாக முன்வந்தான். மகனது இளமை கருதித் தயங்கிய தந்தை பின்னர் இசைந்தான். அச்சிறுவனே இரண்டாம் நந்திவர்மன். இவ்வரலாற்றைக் காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயிற் சிற்பங்கள் இன்றும் காட்டுகின்றன.

இங்கிலாந்திலும் 1714இல் ஆன் அரசி வழித்தோன்றலின்றி இறந்தபோது, பாராளுமன்றம் 1701இல் இயற்றிய சட்டப்படி, செருமானிய அனோவர் குடியினரான ஜார்ஜ் முடிசூடினார்.

குருதியுரிமையோடு குடிகளின் இசைவும் கூடியே முடியைத் தாங்கும் என்பது இவற்றால் விளங்கும்.