வறுத்த கோழியும் பொரித்த கோழியும்

மொழிபெயர்ப்புப் பணியிலே காலங்கழிக்கும் நமக்கு ஆங்கிலத்தின் 'ப்ரை' என்னும் சொல் ஓயாத தொல்லை. தமிழில் வறுத்தல் வேறு, பொரித்தல் வேறு. சிறிதளவு எண்ணெயில், ஈரம் சுண்டும்வரை புரட்டிப் புரட்டி எடுப்பது வறுத்தல். மூழ்குமளவு எண்ணெயில் இட்டு எடுப்பது பொரித்தல். இவ்வேற்றுமையைச் சொல்லளவில் நன்கறிந்திருந்தும், அடுப்பின் முன்னே அதை மறந்துபோனோம்.

திருப்பதிக்குக் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தினரை அழைத்திருந்தோம். (திருமலையின்மீது புலாலுணவுக்கு இடமில்லை, நாம் கூறுவது அடிவாரத்து நகரின் வீட்டுச் சமையலை.) நாட்டுக்கோழியைப் பெரிய பெரிய துண்டுகளாக நறுக்கி, மசாலை தடவி, நன்கு காய்ந்த எண்ணெயில் நேரே இட்டோம். மேற்புறம் கறுத்துவிட்டது, எலும்பருகே இறைச்சி பச்சையாகவே இருந்தது. விருந்தினரின் குழந்தை கடிக்கவிருந்த துண்டை ஓடிப்போய்ப் பறித்தோம். அன்றைய விருந்து தயிர்ச்சோற்றோடு முடிந்தது.

மறுநாள் இதைக் கேட்டுச் சிரித்த பக்கத்து வீட்டு அம்மையார் சித்தூரைச் சேர்ந்தவர். 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்து, 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்த ஊர் அது. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே தெருவில் புழங்கும். "நாட்டுக்கோழியைப் பொரிக்கலாமா, ஐயா? அதற்கு வேபுடுதான்" என்றார். 'கோடி வேபுடு' என்பது கோழி வறுவலே.

அவர் காட்டிய முறை எளியது. கோழியைச் சிறு துண்டுகளாக்கி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, சிறிது நீர்விட்டு மூடி முதலில் வேகவைக்க வேண்டும். இளங்கோழிக்கு அரைமணி போதும்; முற்றியதற்கு ஒரு மணிக்கு மேலும் ஆகலாம். சதை எலும்பை விட்டு எளிதில் பிரிவதே அடையாளம். பின்னர் வாணலியில் நான்கு கரண்டி கடலை எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றை வதக்கி, வெந்த கோழியை அதன் சாற்றோடு சேர்க்க வேண்டும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகு ஆகியவற்றைச் சாறு பாதி வற்றிய பிறகே தூவுவது நன்று. வெறும் எண்ணெயில் விழும் மிளகாய்த்தூள் நொடியில் கருகிக் கசந்துவிடும். தீயைத் தணித்து, துண்டுகளின்மேல் மசாலை ஒட்டும்வரை புரட்டினால் வறுவல் ஆயிற்று. கேழ்வரகுக் களியோடு உண்பது அச்சீமையின் வழக்கம். அதை அங்கே 'சங்கடி' என்பர்.

பொரிப்பதற்கு ஏற்றது ஆறு வார அளவில் விற்பனைக்கு வரும் பிராய்லர் கோழியே. சென்னை புகாரி உணவகம் 1965இல் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் சிக்கன் 65 இவ்வகையைச் சேர்ந்தது. ஒரே அளவான சிறு துண்டுகளைத் தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றில் பிசறிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, சிறிது அரிசிமாவு தூவிக் கொள்ளலாம். பனியில் உறைந்த கோழியாயின் முழுதும் இளகிய பின்னரே எண்ணெயில் இட வேண்டும். இல்லையேல் எண்ணெய் சீறித் தெறிக்கும்.

எண்ணெயின் சூடுதான் தொடக்கக்காரரைத் தோற்கடிப்பது. ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் தேவை. ஒரு சொட்டு மாவை விட்டால் அது அமிழ்ந்து, குமிழியிட்டு உடனே மேலெழ வேண்டும். எண்ணெய் புகைந்தால் சூடு மிகுதி. நான்கைந்து துண்டுகளுக்கு மேல் ஒருங்கே இடலாகாது. சூடு தணிந்து கோழி எண்ணெயைக் குடித்துவிடும். எலும்பில்லாத் துண்டுக்கு ஐந்தாறு நிமிடமும், எலும்புள்ளதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் ஆகும். நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. தடித்த பகுதியின் உட்சூடு 74 பாகையை எட்டினால்தான் சால்மோனெல்லா முதலிய கிருமிகள் மடியும். உணவு வெப்பமானி ஒன்று வாங்குவது வீண்செலவன்று.

பச்சைக்கோழியைக் குழாயடியில் கழுவும் வழக்கம் நம்மவரிடம் உறுதியானது. தெறிக்கும் நீர், கிருமிகளைப் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் பரப்பும் என்பதால் அதை விடுவதே மேல். கிருமியைக் கொல்வது அடுப்பே. கோழி நறுக்கிய பலகையைச் சோப்பிட்டுக் கழுவாமல் அதிலே வெங்காயம் அரியக்கூடாது.

வாணலியின் பாதிக்குமேல் எண்ணெய் ஊற்றாதிருப்பதும் முக்கியம். எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் மூடிவிட வேண்டும். ஒரு துளி நீரும் ஊற்றலாகாது. வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது இன்னும் ஆபத்து. மிஞ்சிய எண்ணெய் ஆறியதும் வடிகட்டி, விரைவிலேயே ஒருமுறை தாளிக்கப் பயன்படுத்தலாம். அது கறுத்தோ, பிசுபிசுத்தோ, நாற்றமடித்தோ இருந்தால் புட்டியில் அடைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் அது உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும்.