வலைச்செயலிகளில் தோன்றும் பழுதுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கர்நாடக எல்லையை நோக்கிச் செல்லும் சாலையில், மேட்டுநிலத்தில் அமைந்த ஊர் பலமனேர். தெலுங்கு வழங்கும் இப்பிரதேசத்தில் தமிழும் கன்னடமும் சந்தையில் கலந்து ஒலிக்கும். கறவை மாடு, பட்டுப்புழு வளர்ப்பு, தக்காளி ஆகியவை இங்குள்ள குடியானவர்களின் பிழைப்புக்கு ஆதாரமானவை. இத்தகைய ஊர்களில் பால் அளவு, மானிய விண்ணப்பம், மாணவர் உதவித்தொகை முதலியவற்றின் கணக்குகள் முன்னர்ப் பேரேடுகளில் எழுதப்பட்டன. இன்று பெரும்பாலும் வலைச்செயலிகள் வாயிலாகப் பதிவாகின்றன.

பேரேட்டில் பிழை நேர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியும். வலைச்செயலியில் நேரும் பிழையோ பல சமயங்களில் மறைந்தே கிடக்கும். பணம் வந்து சேராத பின்னரே குடியானவர் அதனை உணர்கிறார். அவர் முதலில் வந்து கேட்பது செயலியை இயற்றியவரை அன்று. கிராம ஊழியரையும் ஆசிரியரையுமே. ஆகவே, பழுது எங்கே உள்ளது என்பதை ஒருவாறேனும் அறியும் முறை இவ்விரு சாராருக்கும் இன்றியமையாதது. செயலிகளை இயற்றக் கற்கும் மாணவர்க்கும் இது பயன்படும்.

பழுது இருக்கும் இடம்

வலைச்செயலி என்பது கேள்வியும் விடையுமாக நடைபெறுவது. நம் கையிலுள்ள உலாவி ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. தொலைவிலுள்ள சர்வர் அதனைப் பெற்று, தரவுத்தளத்தை நாடி, விடையைத் திருப்பி அனுப்புகிறது. 1989-ஆம் ஆண்டில் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு 1995 ஆகஸ்டு 15 முதல் கிடைக்கலாயிற்று.

கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் விவசாயி என்ன செய்கிறார்? ஏரியில் நீர் உண்டா என்று பார்க்கிறார்; மதகு திறந்துள்ளதா என்று பார்க்கிறார்; பின்னர் வாய்க்கால் நெடுக நடந்து உடைப்பைத் தேடுகிறார். இங்கும் அதே முறைதான். பழுது உலாவியில் இருக்கலாம், இடைவழியில் இருக்கலாம், சர்வரில் இருக்கலாம், தரவிலேயே இருக்கலாம். அதே வேலையை வேறொரு கைப்பேசியில் செய்து பார்க்க வேண்டும். அங்கும் நடைபெறாவிடில், வேறொரு இணையத் தொடர்பில் செய்து பார்க்க வேண்டும். பின்னர் வேறொருவரது பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எதனால் பழுது நீங்கிற்று என்பதை அறிய இயலாது.

எண்கள் கூறும் செய்தி

ஒவ்வொரு விடையுடனும் சர்வர் மூன்று இலக்க எண் ஒன்றை அனுப்புகிறது. 200 எனில் வேண்டுகோள் நிறைவேறியது என்று பொருள். 4-இல் தொடங்கும் எண் வேண்டுகோளில் குறை உண்டு என்பதையும், 5-இல் தொடங்கும் எண் சர்வர்ப் பக்கத்தில் குறை உண்டு என்பதையும் குறிக்கும்.

401 எனில், வந்தவர் யார் என்பது உறுதியாகவில்லை. மீண்டும் கடவுச்சொல் இட்டு நுழைதல் வேண்டும். 403 எனில், ஆள் இன்னார் என்று தெரிந்திருந்தும் அப்பக்கத்தைக் காண அவருக்கு அனுமதியில்லை. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. 404 எனில், கேட்ட பக்கம் அம்முகவரியில் இல்லை. 413 எனில், அனுப்பிய புகைப்படமோ ஆவணமோ அளவில் மிகுந்தது. 500 எனில், செயலியின் நிரலே இடறிவிட்டது. 503 எனில், சர்வர் அப்போதைக்குப் பணி செய்யும் நிலையில் இல்லை. 504 எனில், பின்னிருக்கும் சர்வரின் விடை உரிய காலத்தில் வந்து சேரவில்லை. இவ்வெண்ணைக் குறித்துக்கொண்டு தெரிவித்தால், பழுது நீக்குவோரின் வேலையில் பெரும்பகுதி குறையும்.

எழுத்துகளில் நேரும் பழுது

நம் மொழிகளைக் கையாளும் செயலிகளில் மிகுதியாகக் காணப்படும் பழுது இதுவே. யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். வழக்கமான தமிழ், தெலுங்கு எழுத்து ஒன்றுக்கு 3 பைட்டுகள் வேண்டும்.

‘பலமனேர்’ என்னும் சொல்லைக் காண்போம். கண்ணுக்கு அது 5 எழுத்து. ஆயின் ப, ல, ம, ன, ஏகாரக் குறி, ர, புள்ளி என 7 குறியீடுகளாகவே கணிப்பொறி அதனைக் காண்கிறது. எனவே சேமிக்க 21 பைட்டுகள் தேவை. ஆங்கிலப் பெயரை மனத்திற்கொண்டு 50 பைட் இடம் ஒதுக்கிய கட்டத்தில் 16 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். தந்தை பெயருடன் கூடிய நீண்ட பெயர் அங்கே வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பெயர் வங்கிக் கணக்கிலுள்ள பெயருடன் பொருந்தாது, உதவித்தொகை நின்றுபோகும்.

எழுத்து சிதைந்து தோன்றும்போது அதன் தோற்றமே காரணத்தைக் காட்டும். வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், தரவு பெரும்பாலும் பழுதற்றது. அக்கருவியில் எழுத்துரு மட்டும் இல்லை. மேலே கோடிட்ட லத்தீன் எழுத்துகளும், வட்டத்துள் அமைந்த வணிகப் பதிவுக் குறியும் மாறிமாறித் தோன்றினால், யூடிஎப்-8 தரவை வேறொரு குறியீட்டு முறையில் படித்துள்ளனர் என்பது பொருள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224 ஆதலின் ஒரே லத்தீன் எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. இதனைச் சரிசெய்ய இயலும். ஆனால் தொடர்ந்து கேள்விக்குறிகள் தோன்றி, அவையே தரவுத்தளத்திலும் பதிந்திருப்பின், மூலத் தரவு அங்கு அழிந்துவிட்டது. தாளிலுள்ள விண்ணப்பத்தைப் பார்த்து மீண்டும் பதிதலே வழி.

இன்னொரு பழுது இதனினும் நுட்பமானது. பலமனேரை அடுத்த வனவிலங்குச் சரணாலயத்தின் பெயர் கௌண்டின்யா. இதன் முதல் எழுத்தை மூன்று விதமாகத் தட்டெழுத இயலும். ககரத்துடன் ஔகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் ஔகார நீளக் குறியையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. ஒற்றைக் கொம்பு இட்டு, அதன் பின் ளகர எழுத்தையே இட்டுவிடுவது மூன்றாவது. மூன்றும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். கணிப்பொறிக்கோ மூன்றும் வேறுவேறு. ஒருவிதமாகப் பதிந்த பெயரை வேறு விதமாகத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்ற விடையே வரும். முதலிரண்டையும் யூனிகோடு வகுத்துள்ள சீராக்க முறையால் ஒன்றாக்கலாம். மூன்றாவது எழுத்துப்பிழையே ஆதலின் சீராக்கத்தால் திருந்தாது. பதியும்போதே அதனைக் கண்டு தடுத்தல் வேண்டும்.

நாளும் நேரமும்

பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுகின்றன. இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. உதாரணமாக, பால் கொள்முதல் நிலையம் ஒன்றில் ஏப்ரல் 1-ஆம் நாள் அதிகாலை 5 மணி 10 நிமிடத்திற்குப் பால் அளக்கப்படுவதாகக் கொள்வோம். பொது நேரப்படி அது மார்ச் 31, இரவு 11 மணி 40 நிமிடம். காட்டும்போது இந்திய நேரத்திற்கு மாற்றாமல் விட்டால், அப்பால் முந்தைய நாட்கணக்கில் மட்டுமன்றி முந்தைய நிதியாண்டின் கணக்கிலும் சேர்ந்துவிடும். காலை 5.30-க்கு முந்திய பதிவுகள் மட்டும் நாள் மாறித் தோன்றுமாயின், காரணம் இதுவே என்று ஐயுறலாம்.

கைப்பேசியில் நாள் தவறாக இருப்பினும் இடையூறு உண்டு. பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்திற்கே செல்லுபடியாகும். கைப்பேசியின் நாள் அக்காலத்திற்குப் புறம்பாயிருப்பின், நல்ல தளத்தையும் உலாவி ஐயுற்று மறுத்துவிடும். ஆகவே எச்சரிக்கை தோன்றினால் முதலில் கைப்பேசியின் நாளைச் சரிபார்த்தல் நலம்.

மாவட்டங்கள் மாறியபோது

பலமனேர் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் இணைந்தது. அம்மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960-இல் சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் ஆந்திரப் பிரதேசத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. பலமனேர் சித்தூர் மாவட்டத்திலேயே நின்று, புதிய வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாயிற்று.

ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் நிர்வாக முகவரியே மாறுகிறது. மாவட்டப் பெயர்களை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்த செயலி இத்தகைய மாற்றத்தில் தடுமாறும். புதிய மாவட்டம் பட்டியலில் இல்லாமையால் விண்ணப்பம் ஏற்கப்படாது. அல்லது பழைய பதிவுகளின் மாவட்டம் ஒரேயடியாக மாற்றப்பட்டு, முந்தைய ஆண்டுகளின் கணக்கு பொய்த்துப்போகும். இடங்களைத் தனி அட்டவணையில் வைத்து, எந்நாள் முதல் எந்நாள் வரை எம்மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் உடன் எழுதுதலே தகுந்த முறை.

இருமுறைப் பதிவும் நெரிசலும்

தொடர்பு நலிந்த இடங்களில் ‘அனுப்புக’ என்னும் பொத்தானை அழுத்தியும் விடை வாராதபோது மீண்டும் அழுத்துவது இயல்பு. முதல் வேண்டுகோள் சென்றடைந்து, விடை மட்டும் வழியில் தடைப்பட்டிருக்கலாம். அப்போது ஒரே விண்ணப்பம் இருமுறை பதிவாகும். குடியானவர் மோசடி செய்தார் என்ற ஐயத்திற்கும் இது இடந்தரும். ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் முதலிலேயே தனி எண் ஒன்றை அளித்து, அதே எண் மீண்டும் வந்தால் புதிய பதிவு செய்யாமல் பழைய விடையையே திருப்பி அனுப்புமாறு செயலியை அமைத்தல் வேண்டும். ஊழியர் செய்யத்தக்கது யாதெனில், மறுமுறை அழுத்துமுன் பட்டியலைத் திறந்து, பதிவாகியுள்ளதா என்று பார்ப்பதே.

நெரிசலும் ஒரு காரணமே. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 முதல் 44 வயதினர்க்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியபோது, தொடக்க நிமிடங்களில் பலருக்குத் தளம் இயங்கவில்லை. ஆயினும் அன்றைய தினமே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். நெரிசலால் நேர்ந்த தடையை நிலையான பழுதாகக் கருதலாகாது. சற்றுப் பொறுத்து முயலுதலே அதற்கு மருந்து.

பழுதைத் தெரிவிக்கும் முறை

‘செயலி வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதுவது, ‘மாட்டுக்கு நோய்’ என்று மட்டும் கால்நடை மருத்துவரிடம் கூறுவது போன்றது. என்ன செய்ய முயன்றோம், என்ன நிகழ்ந்தது, என்ன நிகழ்ந்திருக்க வேண்டும், எந்நாள் எம்மணிக்கு, எக்கருவியில், திரையில் தோன்றிய எண் யாது, மற்றவர்க்கும் நிகழ்கிறதா என்னும் விவரங்களை வரிசையாக எழுதுதல் வேண்டும். திரையின் படத்தையும் இணைக்கலாம். ஆனால் கடவுச்சொல்லும் பயனாளியின் வங்கி எண், ஆதார் எண் ஆகியவையும் அதில் தோன்றலாகாது.

பழுது நீங்கும்வரை தாளில் எழுதிய பதிவை அழிக்காமல் காத்தல் ஊழியரின் கடமை. எத்துணைச் சிறந்த செயலியும் தவறக்கூடும். அப்போது பால் ஊற்றிய குடும்பத்தின் ஒரு நாள் வருவாய்க்கு அத்தாளே சான்று.