கோடு பக்கா... ஏஜென்ட் மக்கர்! ஏன்?

"ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னப்பா?"

"ஏ.ஐ. ஏஜென்ட் சார்!"

இப்போ காலேஜ் லேப்களில் அடிக்கடி காதில் விழுகிற டயலாக் இது. கோடிங் எல்லாம் பக்காவா இருக்கும். டெமோ அன்னிக்குப் பார்த்து, செமினார் ஹால் காலியான்னு கேட்டா, ஏஜென்ட் ஹாலை புக் பண்ணியே வெச்சிடும்! "மாடல் சரியில்லை சார்"னு பழி முழுக்க அது தலையில். பல சமயம் தப்பு வேற இடத்தில் இருக்கு பாஸ். டூலுக்கு எழுதுற அந்த நாலு வரி விளக்கத்தில்!

கை இருக்கு... கண் இல்லை!

சாட்பாட் பேசும், ஏஜென்ட் வேலையும் செய்யும். வேலை செய்யக் கை வேணுமே? அந்தக் கைதான் டூல். புத்தகம் தேட ஒண்ணு, டிக்கெட் போட ஒண்ணு, மெயில் அனுப்ப ஒண்ணு. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ 'ஃபங்ஷன் காலிங்' வசதியைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் 'எம்.சி.பி.' என்கிற திறந்த தரத்தை வெளியிட்டது. எந்த ரூட்டில் போனாலும் மாடலுக்குப் போய்ச் சேருவது முக்கியமா மூணுதான்: டூலின் பேர், அது என்ன செய்யும்ங்கிற விளக்கம், என்னென்ன தகவல் கொடுக்கணும்ங்கிற பட்டியல். நீங்க ராத்திரி கண் முழிச்சு எழுதின கோடை அது பார்க்கிறதே இல்லை!

ஜூனியர் பையன்கிட்ட ரெக்கார்டு நோட்டைக் கொடுத்து, "ஜெராக்ஸ் எடுத்துட்டு வாடா"ன்னு அனுப்புறீங்க. எத்தனை காப்பி, ரெண்டு பக்கமுமா, ஸ்பைரல் வேணுமா? அவன் கடையில் நின்னு போன் போட்டுக் கேட்பான். ஏஜென்ட் பல நேரம் கேட்காது. தானே ஒண்ணை முடிவு பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருக்கும்.

பெரியவங்களுக்கே சறுக்கல்!

ஆந்த்ரோபிக் இன்ஜினீயர்களே இதைச் சொல்லியிருக்காங்க. கோடில் உள்ள பிழைகளைத் தானே திருத்துற ஏஜென்ட் ஒன்றை உருவாக்கினப்போ, மொத்த ப்ராம்ப்டைவிட டூல்களைச் சீர்படுத்தத்தான் அதிக நேரம் ஆச்சாம். ஏஜென்ட் வேற ஃபோல்டருக்குப் போனதும் ஃபைலின் பாதையைத் தப்பாக் கொடுத்தது. 'எப்பவும் முழுப் பாதையைத்தான் கொடுக்கணும்'னு டூலையே மாத்தினாங்க. பிரச்னை க்ளோஸ்!

2025-ல் இன்னொரு கூத்து. அவங்களோட கிளாட், இணையத்தில் தேடும்போதெல்லாம் தேவையே இல்லாம '2025'னு சேர்த்துத் தேடிக்கிட்டு இருந்தது. மாடலைத் திரும்பப் பயிற்சி கொடுத்தா சரிபண்ணாங்க? இல்லை, டூல் விளக்கத்தைத் திருத்தி எழுதினாங்க!

இது சொதப்பல்... இது சூப்பர்!

சொதப்பல்: பேர் - 'டேட்டா'. விளக்கம் - 'லைப்ரரி தகவல்களைக் கையாளும்.'

சூப்பர்: பேர் - 'லைப்ரரி புத்தகத் தேடல்'. விளக்கம் - 'தலைப்பு அல்லது ஆசிரியர் பெயரை வைத்துக் கல்லூரி லைப்ரரியில் தேடும். எத்தனை பிரதிகள் உள்ளன என்று சொல்லும். ரிசர்வ் செய்யாது, அதற்கு ரிசர்வ் டூலை அழைக்கவும். அதிகபட்சம் 10 புத்தகங்கள் வரும். காலிப் பட்டியல் வந்தால் புத்தகம் இல்லை என்று அர்த்தம், எரர் அல்ல.'

என்ன செய்யும்ங்கிறதோட, என்ன செய்யாதுங்கிறதும் இருக்கு பாருங்க. அதுதான் மேட்டர்!

கையில வெச்சுக்க அஞ்சு டிப்ஸ்

* 'யூசர்'னு மொட்டையா விடாதீங்க. பேரா, ரோல் நம்பரா? 'யூசர் ஐடி'ன்னு தெளிவாச் சொல்லுங்க.

* 05-06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? 'வருஷம்-மாசம்-நாள்'னு எழுதி, 2025-06-05 மாதிரி ஒரு உதாரணமும் கொடுங்க.

* ஒரே மாதிரி ரெண்டு டூல் இருந்தா, எப்போ எதுன்னு ரெண்டிலும் எழுதுங்க. முடிஞ்சா ஒண்ணாக்கிடுங்க.

* 'எரர் 400' யாருக்குப் புரியும்? 'ரோல் நம்பரில் 8 இலக்கம் வேண்டும்; 7 தான் வந்திருக்கிறது'ன்னா ஏஜென்ட் தானே திருத்திக்கும்.

* வேற டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டிடம் விளக்கத்தை மட்டும் படிக்கக் கொடுங்க. அவர் குழம்பினா ஏஜென்ட்டும் குழம்பும். அப்புறம் நிஜமான கேள்விகள் இருபதைக் கொடுத்து, எந்த டூலை எடுக்குதுன்னு லாக்கில் பாருங்க.

பொங்கல் டிக்கெட் போச்சே!

விளையாட்டில்லை இது. பொங்கலுக்கு ஊருக்குப் போக எடுத்த டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்றீங்க. 'டிக்கெட் அப்டேட்' டூல், பழசை கேன்சல் பண்ணிட்டுத்தான் புதுசு தேடும். விளக்கத்தில் அந்த ஒரு வரி இல்லை. பழைய சீட்டும் காலி, புது சீட்டும் இல்லை! அதனால பணம், டிக்கெட், மெயில்னு திரும்பப் பெற முடியாத விஷயம்னா, 'இதை மாற்ற முடியாது. பயனரிடம் கேட்ட பிறகே செய்யவும்'னு எழுதணும். எழுதினா மட்டும் போதாது. மனுஷன் ஓகே சொல்லாம நகரக்கூடாதுன்னு கோடிலும் ஒரு பூட்டுப் போடணும்.

இன்னொரு சந்தோஷமான சேதி. இந்த வேலைக்கு கோடிங் புலிகள் மட்டும் போதாது. ஒரு விஷயத்தைப் புதுசா வர்றவனுக்கும் புரியற மாதிரி நறுக்குன்னு எழுதத் தெரிஞ்ச காமர்ஸ், லிட்டரேச்சர் பார்ட்டிகளுக்கும் டீமில் இடம் இருக்கு. அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு ஆள் சேர்க்கும்போது, பக்கத்து பிளாக்கையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க!