இணையச் செயலி எழுதுவோம் – 11: முந்திக்கொள்ளும் பதில்கள்

சென்ற வாரம் வரைந்த விண்ணப்பப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் மிச்சம் இருந்தன. முதலாவதில் புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர். விரல் பட்டதும் அந்தக் கொம்யூனின் ஊர்ப் பட்டியலைச் சர்வரிடம் வாங்கி இரண்டாவது பெட்டியை நிரப்ப வேண்டும். பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறக் கூடாது. மேலே அடித்த பெயரும் முகவரியும் அப்படியே இருக்க வேண்டும்.

பிரவுசருக்கு இந்த வசதியைக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். அவுட்லுக் மின்னஞ்சலை இணையத்தில் பார்ப்பதற்காக உருவான நுட்பம் 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5உடன் வெளிவந்தது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் அதன் பலத்தைக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் அதற்கு ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று அதே வேலைக்கு ‘ஃபெட்ச்’ இருக்கிறது. வரலாறு இவ்வளவு போதும். சிக்கல்தான் நமக்கு முக்கியம்.

கரியமாணிக்கத்தில் ஒரு மாணவி கைபேசியில் இந்தப் பக்கத்தைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விரல் தவறி வில்லியனூரைத் தொட்டுவிட்டு, உடனே நெட்டப்பாக்கத்துக்கு மாற்றுகிறாள். இரண்டு கோரிக்கைகள் கிளம்பிவிட்டன. முதலில் போனதற்கு முதலில் பதில் வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. நெட்டப்பாக்கத்தின் பட்டியல் வந்து நிரம்புகிறது. அதன்பின் தாமதமாக வந்த வில்லியனூர் பட்டியல் அதை அழித்துவிட்டு உட்காருகிறது. மேலே நெட்டப்பாக்கம், கீழே வில்லியனூரின் ஊர்கள். கரியமாணிக்கம் அதில் இல்லை. எந்தப் பிழைச் செய்தியும் வராது. தன் ஊரே பட்டியலில் விடுபட்டிருக்கிறது என்றுதான் அவள் நினைப்பாள். வேகமான இணைப்பு உள்ள அலுவலகத்தில் உட்கார்ந்து சோதிப்பவர் கண்ணில் இது ஆயுளுக்கும் படாமல் போகலாம்.

தீர்வு எளிது. கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுங்கள். பதில் வரும்போது அதன் எண்ணைப் பாருங்கள். கடைசியாக அனுப்பிய எண் இல்லையென்றால் திரையைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கூடவே, புதிதாக ஒன்றை அனுப்பும்போதே பழையதை ‘அபார்ட்கன்ட்ரோலர்’ கொண்டு ரத்து செய்துவிடலாம். நான் இரண்டையும் செய்யச் சொல்வேன்.

கேள்வி ஒரு நேரம், பதில் வேறு நேரம் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுமையமாக வைத்து, சுற்றியிருந்த கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் ஒன்று இயங்கியது. தொலைபேசி நம்ப முடியாத ஊர்களுக்கு வயர்லெஸ், மின்சாரம் நிற்கும் நேரத்துக்குச் சூரியத் தகடு. பயிர் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ விவரம் எல்லாம் வில்லியனூரில் திரட்டப்பட்டுத் தமிழில் கிராமங்களுக்குப் போயின. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள்.

அந்த மையங்களை நடத்தியவர்கள் ஊர்க்காரர்கள். பதில் இன்னும் வரவில்லை என்றால் அதை எடுத்துச் சொல்ல எதிரே ஒரு மனிதர் இருந்தார். இன்று கைபேசித் திரையில் அந்தப் பொறுப்பு நாம் எழுதும் நிரலுடையது. அதனால்தான் ‘காத்திருக்கவும்’ என்று சுழலும் வட்டத்தை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கும் பக்கங்களை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபெட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. சர்வர் 404 என்றோ 500 என்றோ பதில் சொன்னால் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. பதில் வந்துவிட்டது, அதன் கணக்கில் வேலை முடிந்தது. இணைப்பே கிடைக்காமல் போவது போன்ற நிலைகளில்தான் பிழை எழுப்பும். ஆகவே பதிலின் ‘ஓகே’ பண்பை நாமே பார்க்க வேண்டும். நேர வரம்பையும் நாமே வைக்க வேண்டும். வரம்பு தாண்டினால் “இணைப்பு கிடைக்கவில்லை, நீங்கள் நிரப்பியவை அழியவில்லை” என்று தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆனால் ‘சமர்ப்பி’ பொத்தானுக்கு இது போதாது. விண்ணப்பம் சர்வரில் பதிவாகி, அந்தச் செய்தி திரும்பி வரும் வழியில் சிக்னல் போயிருக்கலாம். கைபேசியிலிருந்து பார்த்தால், விண்ணப்பம் போய்ச் சேரவே இல்லை என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. மாணவி மறுபடி அழுத்துவாள். இரண்டு விண்ணப்பங்கள் பதிவாகும். ஆகவே படிவம் திறக்கும்போதே அதற்கென ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்ப வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் முதல் ரசீதையே திருப்பித் தரும். அந்தச் சர்வர் பகுதியை அடுத்த வாரம் எழுதுவோம்.