பாரம் தூக்கும் கைகள்

வேலை நிமித்தம் நான் மாதந்தோறும் செல்லும் வீடுகளில் ஒன்று மன்னாரில் கடற்கரையோரமாக உள்ளது. தந்தை கடற்றொழிலாளி. தாய் கருவாடு காயவைத்து விற்பவர். மூத்த மகள் க.பொ.த. சாதாரண தர வகுப்பில் படிக்கிறாள். சென்ற மாதம் நான் போனபோது தாயார் வழமைபோல் முகம் மலர்ந்து கதைக்கவில்லை. கையில் ஒரு கடதாசியை மடித்து வைத்திருந்தார். பாடசாலை அனுப்பிய பெற்றோர் சம்மதப் படிவம் அது. மகள் பளுதூக்கல் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள்.

"மிஸ், பொம்பிளப்பிள்ளைக்கு உது தேவையே? கர்ப்பப்பை இறங்கிப்போகுமாம். செபக்குழுவில ஒரு அக்கா சொன்னவ, கடவுள் பெண்ணை உதுக்காகப் படைக்கேல்லை எண்டு."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். தெருமுனைக் குழாயிலிருந்து இரண்டு கைகளிலும் இருபது லீற்றர் கலன்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரே நடையில் நாற்பது கிலோ! ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேட்டேன். "நாலு, சில நாளில அஞ்சு" என்றாள். போட்டிகளில் பெண்கள் தூக்கும் இரும்புத்தண்டு, தட்டுகள் பூட்டாதபோது 15 கிலோதான். அவள் கையில் தொங்கிய ஒரு கலனைவிடக் குறைவு. அந்த வீட்டில் அவளது கர்ப்பப்பையைப் பற்றித் தண்ணீர்க் கலன் விடயத்தில் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் வேலைப்பகிர்வு பற்றி எவ்வளவோ எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அன்று அந்த முற்றத்தில் நின்றபோதுதான் அது முழுமையாக விளங்கியது. விறகு, குடம், மீன்கூடை, இடுப்பில் பிள்ளை என்று பெண் சுமக்கும்போது அவளது பலம் எவர் கண்ணிலும் படுவதில்லை. அதே பலத்துக்கு மேடையும் பதக்கமும் கிடைக்கும்போதுதான் எல்லோருக்கும் அச்சம் வந்துவிடுகிறது.

கடவுளின் பெயரால் சொல்லப்பட்டதால் வேதாகமத்தையே பார்ப்போம். நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரம் எமது பெண்கள் தின வழிபாடுகளில் தவறாமல் வாசிக்கப்படுவது. குணசாலியான மனைவி அதிகாலையில் எழுவதையும் நூல் நூற்பதையும் பிரசங்கிப்பார்கள். அதே பகுதியில் 17ஆம் வசனம் அவள் தன் கைகளை வலுப்படுத்துவதைப் புகழ்ந்து பேசுகிறது. இதைப்பற்றி ஒரு பிரசங்கமாவது நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

உடற்பயிற்சிக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள உறவு புதியதுமல்ல. 1844இல் இலண்டனில் தொடங்கிய வை.எம்.சி.ஏ. இயக்கம் ஆன்மா, மனம், உடல் மூன்றையும் ஒன்றாகக் கருதியது. உடற்கட்டு என்று நாம் இன்று கூறுவதற்கான ஆங்கிலச் சொல்லை 1881இல் முதலில் பயன்படுத்தியவர் பொஸ்ரன் நகர வை.எம்.சி.ஏ.யின் பயிற்றுநர் ரொபர்ட்ஸ் என்பர். எங்கள் பக்கத்து நாட்டில், சென்னையில், 1920இல் உடற்கல்விக் கல்லூரியை நிறுவியதும் அதே இயக்கத்தைச் சேர்ந்த ஹரி பக் என்பவரே.

இவை ஆண்களின் கதைகள். பெண்களுக்கான பளுதூக்கல் 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பிலிப்பைன்ஸ் நாட்டின் ஹிடிலின் டயஸ் பற்றி அந்தத் தாயாருக்குச் சொன்னேன். முச்சக்கரவண்டி ஓட்டிய ஒருவரின் மகள். கொரோனாக் காலத்தில் மலேசியாவில் அகப்பட்டு, உடற்பயிற்சி நிலையங்கள் பூட்டியிருந்தபோது, மூங்கில் தடியின் இரு முனையிலும் தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டித் தூக்கிப் பயிற்சி செய்தவர். 2021இல் டோக்கியோவில் 55 கிலோ பிரிவில் மொத்தம் 224 கிலோ தூக்கித் தன் நாட்டுக்கு முதலாவது ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். கத்தோலிக்கப் பெண். பதக்க மேடையில் நின்றபோது தங்கத்துடன் கழுத்தில் கிடந்த மாதாவின் சுரூபத்தையும் உயர்த்திக் காட்டினார். தண்ணீர்ப் போத்தல் என்றதும் தாயார் மகளைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் நாட்டின் தினுஷா கோமஸ் 2018 பொதுநலவாய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றதையும் சொன்னேன்.

ஆனால் எல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காரணம் என் சொந்தத் தம்பி. உடற்கட்டழகுப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியபோது சிகரெட்டை விட்டான். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு கண்ணாடியை விட்டு விலகமாட்டான். ஞாயிறு கோவிலுக்கு வருவது நின்றது. கூட்டாளி ஒருவன் கொடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டான் என்பது, ஈரல் பாதித்து வைத்தியசாலையில் படுத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இவ்வகை ஊக்கமருந்துகள் இருதயத்தையும் கெடுக்கும், மலட்டுத்தன்மையைத் தரும், சுபாவத்தையே மாற்றிவிடும். அம்மா அவனுடைய கோபத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்த இரவுகளை நான் மறக்கவில்லை.

அவன் போன நிலையத்தின் சுவரில், உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனம் ஒட்டப்பட்டிருந்தது. பவுல் அதை எழுதியது ஒழுக்கக்கேட்டைக் கண்டித்து. தசையைப் பெருப்பிக்கச் சொல்லி அல்ல. ஆலயத்தில் வழிபடவேண்டியவர் வேறொருவர். ஆலயமே தன்னை வழிபடத் தொடங்கினால் என்ன செய்வது? அதற்காகப் பவுல் விளையாட்டை வெறுத்தவர் என்று எண்ணவேண்டாம். கொரிந்துக்கு அருகே இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை பெரும் போட்டிகள் நடந்தன. வென்றவருக்கு இலைகளால் ஆன வாடிப்போகும் முடி. அதைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு வீரரின் கட்டுப்பாட்டையே அவர் உதாரணம் காட்டினார். திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் உடற்பயிற்சிக்குச் சிறிதளவு பயன் உண்டு என்கிறார். சிறிதளவு என்பது இல்லை என்று ஆகாது.

கர்ப்பப்பை விடயத்தை எங்கள் பகுதிக் குடும்ப சுகாதார மருத்துவமாதுவிடம் கேட்டேன். பிள்ளை பெற்ற உடனே பாரம் தூக்குவதுதான் அவருக்குக் கவலை. பயிற்றுநரின் மேற்பார்வையில், படிப்படியாகப் பழகும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம் என்றார். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு தேயாமலிருக்க இவ்வகைப் பயிற்சி உதவும் என்று சொல்லிவிட்டு, "நீங்களும் தொடங்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த மாதம் மீண்டும் போனேன். தாயாருக்கு இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று உடை. கையும் காலும் மூடிய இறுக்கமான உடை அணிய 2011இல் சர்வதேச விதிகளே இடமளித்துவிட்டன என்றேன். மற்றது, போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனி பின்னேரத் திருப்பலி ஞாயிறுக்கும் செல்லும் என்று பங்குத்தந்தையே சொல்லியிருந்தார். படிவத்தை விரித்து, மகளின் பேனையை வாங்கி, மெதுவாகக் கையெழுத்திட்டார். பின்னர் அடுப்படிப் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டார்.

"டேய், அக்கா பயிற்சிக்குப் போற நாளில தண்ணி நீதான் அள்ளவேணும், சொல்லிப்போட்டன்."